மீட்டர் பழுது என்று எழுதினேன்

இன்று காலை லேபில் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தேன். மூச்சுப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் வாயில் வைத்து ஊதுகிற அட்டைக் குழாய்கள். திறந்ததும் அந்தப் பசை வாசனை வந்தது. உனக்குப் பிடிக்காத வாசனை. "செருப்புக் கடை அட்டைய கடிக்கிற மாதிரி இருக்குதுடி" என்பாய். கடலூரில் இந்த வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது, எத்தனையோ பெட்டி பிரித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நீ செத்துப்போன செய்தி புதிதாய் வருவது போலத்தான் இருக்கிறது.

டாக்டர் சீட் கிடைக்காததால் வந்த சிநேகம் நம்முடையது. நீட்டில் இருவருக்கும் மார்க் போதவில்லை, சிதம்பரத்தில் பி.எஸ்.சி. சேர்ந்தோம். முதல் வருஷ மார்க்கைப் பார்த்து, மருத்துவத் துறைப் பக்கம் போக ஆசைப்படுகிற பன்னிரண்டு பேரை ஹானர்ஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். கூடுதல் பாடம், சனிக்கிழமையும் வகுப்பு, கடைசி வருஷம் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து சொந்தமாய் ஓர் ஆய்வு. அதில் நல்ல பேர் வாங்கினால் மேல்படிப்புக்கு இடம் நிச்சயம் என்றார்கள். "டாக்டர் ஆவலன்னா என்னா, டாக்டருக்கே பாடம் எடுக்கறேன் பாரு" என்றாய். நீ சொன்னால் நடக்கும் என்று அப்போது நம்பினேன்.

உன் ஊர் நெல்லிக்குப்பத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம். கரும்புத் தோகையும் விறகும் எரித்துச் சமைக்கிற பெண்களின் மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. ஞாயிறுதோறும் என் ஊர் திருப்பாதிரிப்புலியூரில் நான் ரயில் ஏறுவேன், நீ உன் ஊர் ஸ்டேஷனில் காத்திருப்பாய். ஊதுகிற மீட்டர் கையடக்கமானது. முழு மூச்சு இழுத்து ஒரே ஊதாய் ஊதினால் முள் ஓர் எண்ணில் போய் நிற்கும். உன் தெருவுக்குள் போகும் முன் மீட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நோயில்லாத ஒருவர் ஊத வேண்டும். அதற்கு நீ. கல்லூரி ஓட்டப் பந்தயத்தில் உன்னை முந்த ஆளில்லை, அடுப்புப் பக்கமே போகாதவள். நானோ சின்ன வயதிலிருந்தே இளைப்புக்காரி, பையில் எப்போதும் மருந்துக் குப்பியோடு அலைகிறவள். "நீ ஊதுனா மீட்டருக்கே இளைப்பு வந்துடும், நீ எழுது போதும்" என்று நோட்டை என் கையில் கொடுத்தாய்.

மூன்றாவது வாரத்திலிருந்து உன் எண் குறைய ஆரம்பித்தது. கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். "மீட்டர் பழுது" என்று நோட்டில் எழுதினேன். புது மீட்டர் வாங்கினோம். அதுவும் அதே எண்ணைத்தான் காட்டியது. "ரெண்டு கம்பெனிக்காரனும் ஏமாத்தறான்" என்று நீ சிரித்தாய், சிரித்து முடித்ததும் இருமினாய். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். நாம் காசு கொடுத்து இரண்டு கண்ணாடி வாங்கினோம், இரண்டும் காட்டியதை நம்பவில்லை. ஸ்டேஷனிலிருந்து நடக்கும்போது செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் நீ நின்று நின்று வந்ததையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதோடு விட்டோமா? மீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று முடிவு கட்டி, உன் எண் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவையும் அன்றைக்கு ஊதிய எல்லாப் பெண்களின் எண்ணோடும் கூட்டினோம். யோசனை என்னுடையது. மூலை வீட்டு அக்கா ஊதிவிட்டு, "எப்டிம்மா கீது?" என்று கேட்டார். கூட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுக்கா" என்றேன். அந்த அக்கா நமக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வில், கருவியின் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய பகுதிதான் ஆய்விலேயே சிறப்பு என்றார் வந்திருந்த பேராசிரியர். பன்னிரண்டு பேரில் நமக்குத்தான் முதல் பரிசு. மேடைக்கு ஐந்து படி. நான்காவது படியில் நீ என் தோளைப் பிடித்தாய். சந்தோஷத்தில் பிடிக்கிறாய் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகிற நோய் என்றார்கள். எதனால் என்று கேட்டதற்கு எந்த டாக்டரிடமும் பதில் இல்லை. ஒருநாள் நம் நோட்டைக் கொண்டுவரச் சொன்னாய். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாய்.

"மீட்டர் நல்லாதான்டி இருந்துது" என்றாய்.

கடைசிப் பக்கம் வரை புரட்டி நோட்டை மூடினாய்.

"அந்த அக்காங்களுக்கு தப்பா சொல்லிட்டு வந்துட்டோம். நீ போயி திரும்ப ஊத வைடி."

சரி என்றேன். போகவில்லை. மேல்படிப்பு இடத்துக்கு அந்த ஆய்வைத்தான் அனுப்பியிருந்தேன், முடிவு வரவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் உன்னைப் பார்க்க வந்தேன். நீயும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டாய். கடைசியில் பொய் சொன்னேன்.

"போயிட்டு வந்தேன்டி. எல்லாரும் நல்லா இருக்காங்க."

"மூல வீட்டு அக்கா?"

"அவுங்களும்தான்."

கண்ணை மூடிக்கொண்டாய். நம்பினாயா, எனக்காக நம்பியதுபோல் இருந்தாயா, தெரியாது. அடுத்த ஞாயிறு உன் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோதுதான் மீட்டரோடு அந்தத் தெருவுக்குப் போனேன். மூலை வீட்டு அக்கா பாதியாய் இளைத்திருந்தார். ஊதச் சொன்னேன். முள் கிளம்பின இடத்திலேயே நின்றது போலிருந்தது. இந்தத் தடவை எதையும் கூட்டவில்லை. மூச்சு ரொம்பக் குறைவாக இருக்கிறது, உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும் என்றேன். அக்கா என்னைத் திட்டவில்லை. "நீங்க படிச்ச புள்ளைங்க நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க. அந்த தெம்புல ஆஸ்பத்திரிக்கே போவலம்மா" என்றார். பிறகு, "ஓடுற பொண்ணு வரலியா?" என்று கேட்டார். அதே தெருவில்தான் உன் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அக்காவால் அங்கே வரை நடக்க முடியாது, உடம்பு முடியாதவரிடம் வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அக்காவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

ஆய்வு தப்பு என்று துறைக்கு எழுதிக் கொடுத்தேன். "ரிசல்ட் வந்து முடிஞ்சு போச்சு, இனிமே எதுக்கும்மா?" என்று தாளை மடித்து வைத்தார்கள். மேல்படிப்பு இடம் வந்தது, போகவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. போக முடியவில்லை, அவ்வளவுதான். நீ மன்னிப்பாய் என்று உன் அம்மா சொல்கிறார். அவருக்கு முழுக்கதை தெரியாது.

இந்த லேபிலும் தினமும் காலையில் மெஷின் சரியா என்று பார்க்க ஊழியர் ஒருவர் ஊத வேண்டும். நோயாளியாக இருந்தாலும் பரவாயில்லை, எண் மாறாத ஆளாக இருந்தால் போதும் என்று என்னை வைத்திருக்கிறார்கள். மருந்தில் கட்டுக்குள் நிற்கிற இந்த இளைப்புக்காரியை. புதுக் குழாயை மாட்டி இன்றும் ஊதினேன். இரண்டு வருஷமாய் அதே எண். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது.