தொடாமல் பற்ற வேண்டிய பொறி

இன்று காலை தேரடிப் பக்கம் டீக்கடையில் ரேடியோ இரைந்தது. ஏதோ பழைய பாட்டு. நடுவில் கொரகொரவென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி வந்தது. டீ போடுகிறவர் ரேடியோவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பெஞ்சில் இருந்தவர் சிரித்தார்.

"அத ஏன் வே அடிக்கீரு? எதுத்தாப்புல ஆர்கான் வெல்டிங் வைக்கான்லா, அதான் இரையுது. இரும், ஒரு சத்தம் போட்டுட்டு வாரேன்."

அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

உனக்கு இந்தச் சத்தம் தெரியாது. நீ வேலை பார்த்த மிஷின் ஒரு நாளும் இப்படி ஒரு ரேடியோவையும் இரைய வைத்ததில்லை.

ஸ்டேஷன் ரோட்டில் அந்தப் பட்டறை. கீழே வேலை, மாடியில் முதலாளியின் வீடு. சாயப்பட்டறைகளுக்கு எவர்சில்வர் தொட்டி செய்து கொடுக்கிற இடம். எங்கோ ஒரு மில்லில் கழித்துப் போட்ட மிஷினை வாங்கி வைத்திருந்தார். நம் ஊரில் அப்போது ஆர்கான் வெல்டிங் மிஷின் அது ஒன்றுதான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அதற்காகவே அங்கே சேர்ந்தாய். அதில் கை பழகி மெட்ராஸில் டெஸ்ட் பாஸ் பண்ணினால் துபாய். திருவேங்கடத்துக் கரிசலில் மழைக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க உனக்கு இஷ்டமில்லை. உன் அப்பா பார்த்தது போதும் என்றாய்.

மதுரையிலிருந்து எம்.ஏ. லீவுக்கு வந்த என்னைப் பட்டறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினாய். கையில் பிடித்துப் பற்றவைக்கிற டார்ச்சில் ஒரு டங்ஸ்டன் கம்பி. அதன் முனை தகட்டைத் தொடக் கூடாது. சற்றுத் தள்ளிப் பிடித்தால் ஒரு நீலப் பொறி தானாகக் குதிக்கும். அந்தப் பொறியைப் பிடித்துக்கொண்டு நெருப்பு வரும். தொட்டால் டங்ஸ்டன் உருகி, பற்றவைத்த தையலுக்குள் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவும் சொல்லிவிட்டு நீ தொட்டாய். தொட்டு எடுத்தாய். பற்றியது.

ஏன் என்று கேட்டேன். பொறி வர மாட்டேன் என்கிறது என்றாய்.

அந்த மே மாதம் முழுக்க நாம் அந்தப் பொறியைத் தேடினோம். நீ டங்ஸ்டன் முனையைப் பென்சில் சீவுவது போலத் தீட்டினாய். கேஸ் ஹோஸை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று நான் பார்த்தேன். எர்த் கிளாம்பின் துருவைச் சுரண்டினோம். டார்ச் வயர் இரும்பு மேசைமேல் சுருண்டு கிடந்தது. பொறி அதன் வழியாகக் கசிந்து போகலாம் என்று சந்தேகப்பட்டாய். சுருளைப் பிரித்துக் கயிற்றில் தொங்கவிட்டோம். கொஞ்சம் தேவலை. அன்று முகம் மலர்ந்திருந்தாய். மறுநாள் பழையபடி.

தகடு வளைக்கிற மாடசாமி அண்ணாச்சிக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "என்னடே, முத்தம் குடுத்தாத்தான் பத்துமா ஒம் பொண்டாட்டி?"

மத்தியானம் மாடியில் சிலோன் ரேடியோ. முதலாளி சாப்பிட்டுப் படுக்கிற நேரம். அத்தனை தெளிவாக இறங்கி வரும் அந்தப் பாட்டு. சரணத்தில் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். நீயும் கூடவே முனகிக்கொண்டு வேலை பார்ப்பாய்.

மிஷினின் பின்மூடியை மட்டும் நாம் திறக்கவில்லை. திருகாணிகள்மேல் சிவப்புப் பெயிண்ட். திறந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்பது முதலாளியின் உத்தரவு. ஆனால் நீ அவரிடம் கேட்டாய். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மொதலாளி, மிஷின்ல பொறி ரொம்பக் கம்மியா இருக்கு."

"மிஷின்ல ஒண்ணும் இல்லடே. ஒன் கையப் பாரு."

நீ பார்த்தாய். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, நடுங்குகிறதா என்று பார்ப்பாய். நடுங்கவில்லை. நான் சாட்சி.

பிறகு தொட்டு எடுப்பதே உன் வழி ஆயிற்று. கண் இமைப்பது போல அவ்வளவு லேசாக. உன் கை அதைப் படித்துவிட்டது.

மெட்ராஸ் வண்டியில் போனாய். மூன்றாம் நாள் அதே வண்டியில் திரும்பினாய். பிளாட்பாரத்தில் நின்று, பையிலிருந்து ஒரு குழாய்த் துண்டை எடுத்து என் கையில் வைத்தாய். நீ பற்றவைத்த துண்டு. சுற்றிலும் மீன் செதில் மாதிரி வரிசை, ஒன்றுக்கு ஒன்று பிசகாமல். நான் பாஸ் என்றே நினைத்தேன்.

உள்ளே எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். படத்தில் வெள்ளைப் புள்ளிகள். டங்ஸ்டன்.

"அங்க பொறி தானா குதிக்கு மக்கா. நல்ல மிஷினு. அது குதிக்கதுக்குள்ள நான் தொட்டுட்டேன்." வலது கையைத் திருப்பிப் பார்த்தாய். "மொதலாளி சொன்னது சரிதான். கையிலதான் கோளாறு."

அடுத்த டெஸ்டுக்குத் தொடாமல் பழகப் பார்த்தாய். அந்த மிஷினில் தொடாமல் பற்றவில்லை. தொட்டாய். பழகப் பார்த்தாய். தொட்டாய். ஒரு நாள் டார்ச்சைத் தொங்கவிட்டு வெளியே வந்தவன் ராஜபாளையம் ரோட்டில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தாய். அங்கே சாதா வெல்டிங். தொட்டால் குற்றமில்லை.

ஒரு டீசல் டேங்க். கழுவியாச்சு என்றான் டிரைவர். கழுவவில்லை. நீ நெருப்பு வைத்ததும் வெடித்தது.

யார் எதைச் சொன்னாலும் நம்புவது உன் வழக்கம். இதை எழுதும்போது உன்மீதும் எனக்குக் கோபம் வருகிறது. மறைக்கவில்லை.

நான் இந்த மடலை எழுதுவது இனி வருவதைச் சொல்ல. நீ போன பிறகு நடந்தது.

பழைய பட்டறையில் கிடந்த உன் முகமூடியை வாங்கி வரச் சொன்னாள் உன் அம்மா. போனேன். மிஷினை விலை பேச ராஜபாளையத்துக்காரர் ஒருவர் வந்திருந்தார். டார்ச்சைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பொறியே இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். முதலாளி ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். பெயிண்டைச் சுரண்டினார். மூடியைக் கழற்றினார். உள்ளே பொறியை உண்டாக்குகிற இரண்டு சின்ன முனைகள், எதிரெதிரே, ஒட்டினாற்போல. ஒரு திருகைச் சற்றே திருப்பினார். முனைகள் விலகின. நகக்கண் அளவுகூட இருக்காது.

ராஜபாளையத்துக்காரர் மறுபடி பிடித்தார். ஒரு நெல் நீளத்துக்கு முன்பே பொறி குதித்தது. நீலமாக. தொடாமல்.

மாடியில் ரேடியோ கொரகொரவென்று அலறியது.

முதலாளி அண்ணாந்து சிரித்தார். "பாத்தீயளா? இந்த எரச்சல் சனியனுக்குத்தான் பொறியக் கொறச்சு வச்சிருந்தேன். கூட்டி வச்சா மனுசன் நிம்மதியா ஒரு பாட்டுக் கேக்க முடியாது."

"இது அவனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"எவனுக்கு?"

உன் பெயரைச் சொன்னேன்.

"ஓ, அவனா. அவன் கேக்கலியே."

இருவரும் கலர் குடிக்கப் போனார்கள்.

நீ கேட்டாய். அவர் பொய் சொல்லவில்லை, மறந்திருந்தார். பொய் என்றால் நான் ஏதாவது செய்திருப்பேன். உன் முகமூடியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தேன். நாம் எல்லாவற்றையும் சுரண்டிப் பார்த்தோம். அந்தப் பாட்டு ஏன் அவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

உன் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு டேங்க் ஒன்றே போதும்.

குழாய்த் துண்டு என் மேசைமேல் இருக்கிறது. உன் கையில் ஒரு கோளாறும் இல்லை. பிளாட்பாரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் இது. அன்று இதற்கு ஆதாரம் இல்லை. இன்று இருக்கிறது, நீ இல்லை.

காலையில் சத்தம் போட எழுந்தவரின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"விடுங்க அண்ணாச்சி. இரையட்டும்."

"பாட்டுப் போகுதே வே."

"போகட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு இப்போது எந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்க முடிவதில்லை. எப்போது இரையும் என்று காத்திருக்கிறேன். இரைந்தால், எங்கோ ஒருவன் தொடாமல் பற்றவைக்கிறான்.