பலகையை மறைத்த செய்தித்தாள்

டீச்சர்,

நேற்று மின்சார ரயிலில் பக்கத்தில் இருந்த பெண் ஒரு பெப்பர்மிண்ட்டைப் பிரித்தாள். வகுப்பு முடிந்ததும் தொண்டைக்காக நீங்கள் வாயில் போட்டுக்கொள்வீர்களே, அதே வாசனை. தாம்பரம் வருவதற்குள் இந்தக் கடிதத்தில் பாதியை மனத்துக்குள் எழுதிவிட்டேன்.

என் குறை உங்களுக்குத் தெரியும். யாரும் சொல்லித்தராமல் நானே படித்து, தேர்வெழுதிக் கணக்கு ஆசிரியை ஆனவள் நான். ஆங்கிலம் பேச வராது என்று சொல்லித் தலைமையாசிரியை நாற்காலியை என்னைவிட இளையவளுக்குக் கொடுத்தார்கள். இன்றுவரை அதை நான் மன்னிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நாம் இருவரும் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றோம். நீங்கள் ஆங்கில ஆசிரியை. உங்கள் திட்டம் தினமும் மாலையில் பஸ் பிடித்துக் கோவளம் போய்க் கடல் பார்ப்பது. என் திட்டம் இரும்புலியூர் வீட்டில் டியூஷன். கடைசிவரை சாக்பீஸைக் கீழே வைப்பதில்லை. ‘கணக்கு தமிழில் கற்றுத்தரப்படும்’ என்று பலகை எழுதி முன்ஜன்னல் கம்பியில் கட்டினேன்.

ஒரு மாதம் ஈ, காக்கைகூட வரவில்லை. தெருப் பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷ் மீடியம். பிறகு ஒரு தாய் வந்தார். அன்று நீங்களும் இருந்தீர்கள்.

“டீச்சர், இங்கிலீஷ்ல சொன்னா பொண்ணுக்குக் கணக்கு ஏற மாட்டேங்குது. தெனம் அழுவுது. நீங்க தமிழ்லயே சொல்லிக் குடுங்க. ஆனா அந்த போர்டு மட்டும் வேணாம். மாமியார் வூட்டுல பாத்தா மானம் பூடும்.”

“போர்டக் கழட்ட மாட்டேன்” என்றேன். அவர் எழுந்துவிட்டார். என் ஓய்வுக்காலம் முழுவதும் அவரோடு வாசல்வரை போய்விட்டது.

நீங்கள் சிரித்தீர்கள். “பிடிவாதத்துக்குத் தனியா பென்ஷன் குடுத்தா உனக்குத்தாம்மா மொதல்ல வரும். நீ கழட்ட வேணாம், நான் மறைச்சுக்கறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவரிடம், “நாளைக்கு அனுப்பும்மா பொண்ண” என்றீர்கள்.

மறுநாள் மாலை ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பலகை தெரியாதபடி ஆங்கிலச் செய்தித்தாளை விரித்துப் பிடித்து, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தீர்கள். உள்ளே நான் தமிழில் பின்னம் சொல்லித்தந்தேன். ஒரு பிள்ளை நாலாகி, நாலு பத்தானது. கோவளம் போவீர்கள் என்று பார்த்தேன், போகவே இல்லை.

ஒருநாள் பால்காரர், “இன்னா டீச்சர், வூட்ல இங்கிலீஷ் தூள் பறக்குது!” என்று என்னைப் பாராட்டினார். மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. மூன்று நாளும் நீங்கள் இன்னும் உரக்க வாசித்தீர்கள்.

ஆறேழு வருஷம் கழித்து நீங்கள் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள். பலகை பளிச்சென்று தெரிந்தது. அந்த மாதமே வேறொரு தாய் மகளை அழைத்துவந்து, பலகையைப் பார்த்தபடி நின்றார். பழைய நானாக இருந்தால் முறைத்திருப்பேன். “சங்கடமா இருந்தா மேல ஒரு துணி போட்டு வைக்கிறேம்மா” என்று சொல்லிவிட்டேன்.

“எதுக்கு டீச்சர்? போர்டு இருந்தாத்தான எங்க எதுத்த வூட்டுப் பொண்ணு அடையாளம் பாத்து வரும்? அதுக்கும் கணக்கு சுத்தமா வரல.”

துணி போடுகிறேன் என்று நான் சொன்னது உங்களால் வந்த கேடு. பலகை நிலைத்தது என் பிடிவாதத்தால். நீங்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டீர்கள். அந்தச் சண்டையை இரண்டு பேருக்கும் சேர்த்து இப்போது நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் உங்களை ஜெயிக்க விடுகிறேன்.