நெருப்பு இடுப்புவரை ஏறாது

கிள்ளான்
5.6.1988

தெய்வானைக்கு,

சௌக்கியம் விசாரித்து எழுதியிருந்தாய். எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டு மகதலேனா ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். நான் கேட்கவில்லை. உன் கறிவேப்பிலைச் செடி பிழைத்துக்கொண்டது.

மகள் ராஜேஸ்வரிக்கு இந்த மாதக் கடைசியில் பிரசவம் ஆகும் என்று சிங்கப்பூர் டாக்டர் சொன்னாராமே. தைரியமாக இருக்கச் சொல். நல்லபடியாக முடிந்தால் ஆடித் திருவிழாவுக்கு இங்கே வந்து தீ மிதிப்பதாக நீ வேண்டிக்கொண்டிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ வரக் கூடாது.

கோபித்துக்கொள்ளாமல் படி. ஆத்தாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆற்றைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன். நம் கோயில் துறைக்கு மேலே முலாம் பூசும் தொழிற்சாலை வந்தது உனக்குத் தெரியும். பொழுது சாயும்போது கால்வாயைத் திறந்துவிடுகிறார்கள். பெயின்ட் டப்பா கழுவி ஊற்றியது போலப் பச்சையாக வருகிறது. துறையில் நின்றால் தொண்டை எரிகிறது. தூண்டில் போட வரும் மலாய்க்காரப் பெரியவர் பாக் சாலேகூட இப்போது வருவதில்லை. அந்தத் தண்ணீரில்தான் மஞ்சள் துணியோடு மூன்று முழுக்குப் போட்டு, துடைக்காமல், ஈரத்தோடு நெருப்புக் குழிக்கு வருகிறீர்கள்.

போன ஆடிக்குப் பிறகு நீ வீட்டுக்குள்ளும் நீளக்கை ரவிக்கை போட்டுக்கொண்டாய். கேட்டதற்குக் குளிர் என்றாய். கிள்ளானில் என்ன குளிர்? போன வாரம் மகதலேனா சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் விடாமல் கேட்டேன். "அண்ணே, அவங்க கையிலேயும் முதுகுலேயும் இடுப்புலேயும் தோல் உரிஞ்சு கெடந்துச்சு. நான்தான் மருந்து தடவுனேன். விரதத்துல என்னமோ தப்பு பண்ணிட்டேன், அவர்கிட்ட சொல்லிடாதேன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க" என்றாள்.

நம் ஆட்களிடம் காட்டினால் விரதம் கெட்டவள் என்பார்கள். மாதாவைக் கும்பிடுகிறவளிடம் காட்டினால் அந்தப் பேச்சு இல்லை. அதனால் அவளிடம் போயிருக்கிறாய்.

தீ மிதித்தவர் உடம்பில் புண் வந்தால் விரதம் தவறிவிட்டது என்கிறோம். சரி. தீ படுவது உள்ளங்காலில். நெருப்பு இடுப்புவரை ஏறுமா, தெய்வானை?

உன்னைப் போல இன்னும் பலர் துணிக்குள் மறைத்து வைத்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். கதவைச் சாத்துகிறார்கள். கார்த்திகேசு மட்டும் சட்டைப் பொத்தான்வரை கையைக் கொண்டுபோனார். உள்ளேயிருந்து அவர் மனைவி இருமினாள். கையை இறக்கிவிட்டார்.

வரமாட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன் கணவன்,
கன்னையா


கிள்ளான்
3.7.1988

தெய்வானைக்கு,

பேத்தி பிறந்த செய்தியை மாப்பிள்ளை மகதலேனா வீட்டுக்குப் போன் செய்து சொன்னார். அவள் வாசலிலிருந்தே கத்தினாள். கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கி வந்து நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். ஒரு வீட்டில் வாங்கவில்லை. அது கிடக்கட்டும்.

உன் பதில் வந்தது. டிக்கெட் எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். விரதத்தின்போது சபாபதியின் தாயார் இறந்த வீட்டு வாசலில் போய் நின்றாயாம், அதற்கான தண்டனைதானாம் அந்தப் புண். வாசலில் நின்ற உனக்கே இப்படியென்றால், காப்புக் கட்டிய கையோடு அதே வீட்டுக்குள் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்த தம்புசாமியை ஆத்தா என்ன செய்திருக்க வேண்டும்? அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஏனென்றால் அவன் ஆற்றில் இறங்கவில்லை. துறையில் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் கோயிலுக்கு மட்டுமா தலைவன்? கட்சிக் கிளைக்கும் அவன்தான். நகராட்சியில் ஒரு நாற்காலிக்குக் காத்திருக்கிறான். கோயிலின் புதுக் கூரை தொழிற்சாலை முதலாளி போட்டுக் கொடுத்தது. இந்த வருஷத் தீமிதிக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர்.

கோயில் கூட்டத்தில் நான் கேட்டது சின்னக் காரியம். லோரியில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து அதில் குளிக்கட்டும் என்றேன். தம்புசாமி சிரித்தான். "அண்ணே, குழாய்த் தண்ணி ஊத்துனா ஆறு கெட்டுப் போச்சுன்னு நாமே மைக்ல சொன்ன மாதிரி லா. கோயில் நிக்கிறது ஆத்தோர அரசாங்க நெலம். நம்மகிட்ட ஒரு பேப்பரும் இல்ல. நீங்க ஒரு புகார் குடுங்க, மறுநாளு புல்டோசர் வந்து நிக்கும். கோயில் வேணுமா, தண்ணி வேணுமா? நீங்களே சொல்லுங்க" என்றான்.

அவன் சொன்னது பொய் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயம்.

இரண்டு நாள் கழித்து நம் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. கடையில் தேத்தண்ணி கட்டிக் கொடுப்பார்களே, அந்தப் பை. உள்ளே ஆற்றுத் தண்ணீர். வாயில் வேப்பிலை வைத்துக் கட்டியிருந்தது. யார் என்று கேட்கப் போவதில்லை. எல்லாம் நம் கையால் பிரசாதம் வாங்கித் தின்றவர்கள்தான்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். புண் வந்தவர் யாராவது வந்து கையெழுத்துப் போட்டால் புகார் எழுதித் தருகிறேன் என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். சென்ற அக்டோபரில் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசியவர்களை விசாரணை இல்லாமல் பிடித்துக்கொண்டு போனார்களே, அதற்குப் பிறகு படித்தவர்களும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள்.

ஒருவரும் வரமாட்டார்கள். அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். நான் விரதம் இல்லை. மகதலேனாவின் மீன் குழம்பு தின்கிறேன். தீ மிதிக்கப் போவதும் இல்லை. அப்படிப்பட்டவன் அந்தத் தண்ணீரில் இறங்கி எழுந்தால் என்ன ஆகிறது என்று ஊர் பார்க்கட்டும். நாளைச் சாயங்காலம் இறங்குகிறேன். தடுத்து எழுதாதே, உன் கடிதம் வருவதற்குள் முடிந்துவிடும்.

உன் கணவன்,
கன்னையா


கிள்ளான்
17.7.1988

தெய்வானைக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். விரல்களில் துணி சுற்றியிருக்கிறது.

மூன்று முழுக்குப் போட்டு, உங்களைப் போலவே துடைக்காமல் ஏறினேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இடுப்பு, அக்குள், கழுத்து எல்லாம் சிவந்து தோல் எழும்பிவிட்டது. இடது கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. நீ இதை வாய் திறக்காமல் எப்படிப் பொறுத்தாய் என்றுதான் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

கொஞ்சம் எழுந்து நடக்க முடிந்ததும் வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய், எல்லார் முன்னாலும் சட்டையைக் கழற்றினேன். "விரதம் இல்லாதவன், நெருப்பை மிதிக்காதவன். இது எதனால வந்துச்சு, சொல்லுங்க" என்றேன். அப்புறம் தம்புசாமி கையெடுத்துக் கும்பிட்டான், என்னை இல்லை, ஆத்தாவை. "ஆத்தாளையே சோதிச்சுப் பாத்தீங்கல்ல அண்ணே, அதான் காட்டிட்டா" என்றான். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கார்த்திகேசும் போட்டுக்கொண்டார். ஆனால் அவர் என் இடுப்பைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நேற்று ஒரு காரில் இருவர் வந்தார்கள், உடுப்புப் போடாத போலீஸ். ஒருவன் தமிழ்ப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். "அங்கிள், சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். வயசான காலத்துல கோயில் விஷயத்துல எதுக்கு அங்கிள்? நாலு இன ஜனங்க வாழற எடம் லா. பிரிக்பீல்ட்ஸ் அடிக்கடி போறீங்களாமே?" என்று கேட்டான். நான் ஒருமுறைதான் போனேன். அதை மகதலேனாவிடம் மட்டும் சொன்னேன், உனக்கு எழுதினேன். அவள் சொல்லமாட்டாள். அதனால் இந்தக் கடிதத்தை அவள் கிள்ளான் தபாலில் போடப் போவதில்லை. காஜாங்கில் தன் தங்கை வீட்டுக்குப் போகிறாள், அங்கே போடுவாள்.

நாளை நான் மறுபடி பிரிக்பீல்ட்ஸ் போகிறேன். புண் வந்தவன் கையெழுத்து வேண்டும் என்றார் வக்கீல். இப்போது ஒருவன் இருக்கிறான். கோயிலை உடைத்தால் என் பெயர்தான் ஊரில் நிற்கும், தெரியும். ஆத்தா இந்த ஆற்றோரத்துக்குக் கூரை இல்லாமல் வந்தவள். கூரை இல்லாமலும் இருப்பாள். நீ தோல் இல்லாமல் இருக்க முடியாது.

எனக்குப் பயம் இல்லை என்று தம்புசாமியிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்லப் போவதில்லை. வாசலில் எந்தக் கார் நின்றாலும் அடுப்பை அணைத்துவிடுகிறேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடு. அங்கேயும் மாரியம்மன் இருக்கிறாள். ஒரு குடம் குழாய்த் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு போய் அவள் முன்னால் நில். உன் வேண்டுதலைத் தடுத்த பாவம் என்னைச் சேரட்டும். என்னிடமிருந்து கடிதம் வராவிட்டால் தேடிக்கொண்டு வராதே. மகதலேனா எழுதுவாள். அவள் வரச் சொன்னாலும் துறைப் பக்கம் போகாதே.

பேத்திக்கு என் ஆசீர்வாதம். அவளைக் குளிப்பாட்டும்போது தண்ணீரின் சூடு பார்ப்பாய். அதோடு ஒருதரம் குனிந்து முகர்ந்தும் பார். ஒவ்வொரு நாளும் பார்.

கன்னையா