பக்கத்தின் மேல்பாதி

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று பதினோரு மூக்குக்கண்ணாடிகள். ஒன்றில் இடது வில்லையை வலதில் மாட்டிவிட்டேன். முதலாளி பார்ப்பதற்குள் கழற்றி மாற்றியாயிற்று. மனசு அங்கே இருந்தால்தானே.

தரைத்தளத்தில் வீடு கிடைத்துவிட்டது! கடையிலிருந்து இரண்டு தெரு. வாசலில் ஒரே ஒரு படி. இருபத்தெட்டாம் தேதி வரை வேறு யாருக்கும் விடமாட்டேன் என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருக்கிறார். அன்றைக்கு முன்பணத்தோடு போய் நிற்க வேண்டும். இப்போது இருக்கும் வீட்டின் முன்பணத்தைத் திருப்பி வாங்கி அங்கே கொடுத்தால் சரியாகிவிடும். வேறு சேமிப்பு என்று எதுவும் இல்லை.

அப்பா மூன்றாம் மாடியை விட்டு இறங்கி ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு முட்டியும் போய்விட்டன. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தெட்டு வருடம் ஊரையே ஏற்றி இறக்கியவர், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் வந்து மாட்டிக்கொண்டார். வீடு கிடைத்ததைச் சொன்னதும், "வாசல்ல நாற்காலி போட எடம் இருக்குமா?" என்று கேட்டார்.

மார்ச் 5, வியாழன்

குழாய்க்கடைக்காரரைப் போய்ப் பார்த்தேன். போன வருடம் இந்தக் கட்டடத்தை விலைக்கு வாங்கியவர். அது முதல் வாடகை அவரிடம்தான் கொடுக்கிறோம். மாசக் கடைசியில் காலி செய்கிறோம், முன்பணம் வேண்டும் என்றேன்.

"என்ன அட்வான்ஸ்?" என்றார்.

நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். விற்கும்போது பழைய வீட்டுக்காரரின் மகன் எழுதிக் கொடுத்த பட்டியல். எங்களுக்குக் கீழே இருக்கிற மூன்று வீடுகளின் முன்பணத்தையும் விலையில் கழித்திருக்கிறார்கள். மூன்றாம் மாடிக்கு நேரே ஒரு கோடு.

"உங்க பணம் என் கைக்கு வரவே இல்லம்மா. வராததை நான் எப்படித் திருப்பித் தர்றது?"

கத்தினால் திரும்பக் கத்தலாம். மனுஷன் நியாயமாகப் பேசித் தொலைக்கிறார்.

வீட்டுக்கு வந்து வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். முன்பணம் என்ற இடம் காலி! ஒப்பந்தம் போட்ட அன்று பணம் புரளவில்லை. குடிவந்த அன்றுதான் கொடுத்தோம். அப்புறம் அதை நிரப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மார்ச் 6, வெள்ளி

பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மகன் வீட்டில் இருக்கிறார். "எந்த வீடும்மா?" என்றார். மூன்றாம் மாடி என்றேன். "சாப்பிட்டியாம்மா?" என்றார். மறுபடியும், "எந்த வீடு?" என் குரலைக் கேட்டாலே சிரிக்கிற மனிதர் அவர்.

மகன் போனை வாங்கினான். "அப்பாவுக்கு எதுவும் ஞாபகம் நிக்கறதில்லக்கா. ஒப்பந்தத்தைப் பாத்துதான் பட்டியல் போட்டேன். அவர் கையெழுத்து வச்ச தாள் ஏதாவது இருந்தா காட்டுங்க, மறுபேச்சே பேச மாட்டேன்."

இப்போது நான் யாரைத் திட்டுவது?

மார்ச் 8, ஞாயிறு

பல் தேய்க்கும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. கையெழுத்து இருக்கிறது! என் நோட்டிலேயே இருக்கிறது!

குடிவந்த அன்று, சாமான்கள் பாதிப் படியிலும் பாதி வண்டியிலும் கிடந்தன. பழைய வீட்டுக்காரரிடம் பேனா இருந்தது, காகிதம் இல்லை. என் பையிலிருந்த நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தோம். அன்றைய பக்கத்தின் கீழ்ப்பாதியில் தொகை, தேதி எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பரண்மேல் பெட்டியிலிருந்து ஆறு வருடத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தேன். ஜூன் 11. ரசீது முத்து முத்தாக இருக்கிறது.

அதற்கு மேலே, மேல்பாதியில், அன்று காலை நான் எழுதியதும் இருக்கிறது:

"அண்ணன் கையைக் கழுவிவிட்டான். அப்பா இனி என் தலையில். அவர் இருமுவதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. ஒரு வருடம் பார்ப்பேன், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. அப்புறம் ஏதாவது முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவேன். என் வாழ்க்கையையும் நான் பார்க்க வேண்டாமா?"

நோட்டை மூடிவிட்டேன். அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தார்.

மார்ச் 9, திங்கள்

கடையில் பிரேம் அறுக்கிற சின்ன ரம்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை இரண்டாக அறுத்துவிடலாமா என்று இருக்கிறது. பாதிப் பக்கத்தைக் கொண்டுபோய் நீட்டினால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

அப்பா அதைப் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான். வேறு எது வேண்டுமானாலும் நடக்கட்டும்.

மார்ச் 11, புதன்

மேல்பாதியில் வெள்ளைத்தாளை வைத்து மறைத்து நகல் எடுத்துக் கொண்டுபோனேன். பெரிய மூளைக்காரி என்று நினைப்பு. குழாய்க்கடைக்காரர் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். ப்ளஸ் டூ பவர் இருக்கும், கண்ணாடி போட மாட்டேன் என்று வீம்பு.

"மூலம் வேணும்மா. தப்பா நினைக்காதீங்க. இதைக் காட்டித்தானே அந்தப் பையன்கிட்ட நான் வாங்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பணம் குடுத்தப்ப அப்பாவும் இருந்தார்னு சொன்னீங்கல்ல? அவரால எறங்க முடியாது. ஞாயித்துக்கிழமை நானே மேல வந்து ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுக்கறேன்" என்றார்.

அப்பா இருந்தார் என்று நான் எதற்குச் சொன்னேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

மார்ச் 12, வியாழன்

அண்ணன் போனில், "அந்தப் பணம் போனா போகட்டும் விடு" என்றான். அவனுக்கு என்ன, அவன் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

குழாய்க்கடைக்காரர் மூச்சு வாங்க மேலே வந்தார். தண்ணீர் குடித்தார். கட்டடம் வாங்கிய பத்திரத்தையும் கொண்டுவந்திருந்தார். நோட்டைத் திறந்து, மேல்பாதியைக் கையால் பொத்திக்கொண்டு காட்டினேன். பத்திரத்திலிருந்த கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அவர் போட்டதுதான்" என்றார். அத்தோடு போயிருக்கலாம்.

"கைய எடும்மா. மேல என்னமோ எழுதியிருக்கே?"

"அது... என் சொந்த விஷயம்."

"ஏதாவது நிபந்தனை எழுதியிருந்தா பின்னாடி எனக்குத்தான் வம்பு. எனக்குப் பொடி எழுத்து தெரியல, நீங்களே படிங்க."

அப்பா எதிரே கட்டிலில். அவ்வளவுதான், பணம் போகட்டும் என்று நோட்டை மூடப்போனேன். வீடும் போகட்டும்.

"சார்," என்றார் அப்பா. "அதுல உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு நிபந்தனைதான். அதுவும் எனக்குப் போட்டது."

நான் திரும்பவே இல்லை.

"அன்னைக்கு இவ பாத்திரத்தைத் தூக்கிட்டுப் படியில நின்னா. பையிலேருந்து நோட்டை எடுத்துக் குடுத்தது நான்தான். பக்கத்தைப் புரட்டினதும் நான்தான். அவர் பணத்தை எண்ணி முடிக்கிற வரைக்கும் என் கையிலதான் இருந்துது."

குழாய்க்கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. "பையன்கிட்ட நான் பேசிக்கறேன். பத்து நாளைக்குள்ள பணம் வந்துடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஆறு வருடம்! தெரிந்துகொண்டே ஆறு வருடம் என் கையால் சாப்பிட்டிருக்கிறார்.

மார்ச் 16, திங்கள்

கடைக்குப் போகவில்லை. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அழுகைதான் வந்தது.

"எதுக்கு அழுவற? எனக்கே என் இருமல் எரிச்சலாதான் இருக்கும்" என்றார்.

"ஏன்ப்பா ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னன்னு கேக்கறது? நீ எழுதினது நியாயம்தானே." தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டார். "நீ எழுதின அந்த ஒரு வருஷம் முடியற அன்னைக்குப் பெட்டியக் கட்டி வச்சிருந்தேன். நீயா சொல்ற மாதிரி வைக்க வேணாம், நானே கெளம்பிடலாம்னு. காலைல வேலைக்குப் போறப்ப நீ செருப்பு மாட்டிக்கிட்டே, 'மாத்திரை மூணு மாசத்துக்குச் சேத்து வாங்கிடறேம்ப்பா, வெலை கொறையும்'னு சொல்லிட்டுப் போன. அப்புறம் பெட்டியப் பிரிச்சுட்டேன்."

எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. எந்த மாத்திரை, எந்தச் செருப்பு?

மார்ச் 24, செவ்வாய்

பணம் வந்தது. முழுதாக. குழாய்க்கடைக்காரருக்கு ப்ளஸ் டூ பவரில் ஒரு கண்ணாடி கொடுத்தேன். காசு வாங்கவில்லை. போட்டுப் பார்த்துவிட்டு, "அடேயப்பா!" என்றார்.

மார்ச் 28, சனி

புது வீடு. நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் அப்பாவை மூன்று மாடி இறக்கினார்கள். "மெதுவாப்பா, கயிறு அறுந்துடப்போவுது" என்று வழியெல்லாம் கிண்டல்.

வீட்டுக்கார அம்மா வாசல் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது முன்பணம் கொடுக்க வேண்டும். ரசீது எழுதக் காகிதம் இல்லையாம். "எங்க வீட்டு ரசீதெல்லாம் இவ நோட்டுலதான்" என்கிறார் அப்பா, ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. பணத்தையும் இந்த நோட்டையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பப் போகிறேன். படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அப்பா, இந்தத் தடவை வருடக் கணக்கு எதுவும் கிடையாது. உங்கள் பெட்டியைப் பரண்மேல் போட்டுவிட்டேன். உங்களுக்கு எட்டாது.

*முன்பணம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்.* (வீட்டுக்கார அம்மாவின் கையெழுத்து)

வாசல் பத்தடி தூரம். கைத்தடியை ஊன்றிப் போய்த் திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று. நோட்டை அடுப்படி மேடையில் வைத்தார். "ரசீது சரியா இருக்கான்னு பாத்துக்க" என்றார். மேலே இருப்பதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

பிறகு மறுபடியும் மெல்ல நடந்துபோய், வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தாராளமாக இருமினார்.