எங்களுக்கு அவசரமில்லை

கொர்தாத் 22, 1400 (2021 ஜூன் 12). சனிக்கிழமை

காலையில் மின்சாரம் இல்லை, லிஃப்ட் நின்றுவிட்டது. அலுவலகம் ஆறாவது மாடியில். ஏறுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒவ்வொரு திருப்பத்திலும் "நீங்க முதல்ல", "ஐயோ, நீங்க முதல்ல" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டதில் கால் மணி நேரம் ஆயிற்று. தெஹ்ரானில் மரியாதை இல்லாதவன்தான் நேரத்துக்கு வேலைக்கு வருவான்.

எங்கள் ஆய்வு மையத்தின் தலைவர் டாக்டர் வுஸூகி கூப்பிட்டார். ஆசிய நாடுகளின் கூட்டான ஷாங்காய் அமைப்பின் செயலகத்திலிருந்து ஒருவர் வருகிறாராம். அந்த அமைப்பில் நாங்கள் பதினாறு வருடமாகப் பார்வையாளர். பந்தி நடக்கிறது, எங்களுக்கு இலை கிடையாது, நின்று பார்க்கலாம். முழு உறுப்பினராக ஏன் விரும்புகிறோம் என்று டாக்டர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். நான் அதை ருஷ்ய மொழியில் பெயர்க்க வேண்டும், பேச்சுவார்த்தையிலும் நானே மொழிபெயர்ப்பாளர்.

பதினான்கு காரணங்கள். எண்ணெய், எரிவாயு, ரயில் பாதை, துறைமுகம், மூவாயிரம் வருட நாகரிகம். எங்களைச் சேர்த்துக்கொண்டால் அவர்களுக்கு என்ன லாபம் என்று பதினான்கு விதமாகச் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு ஏன் வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

"டாக்டர், பதினஞ்சாவதா ஒண்ணு சேத்துக்கலாமா?"

"என்ன அது?"

"நமக்கு யாரும் இல்லைன்னு."

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண்ணின் உண்மையான வயதைச் சொல்லிவிட்ட அத்தையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

கொர்தாத் 23

என் கணவன் ஷெர்கோவின் மருந்துக்காக ஐந்து கடை ஏறி இறங்கினேன். இல்லை. இல்லை. அடுத்த வாரம். இல்லை. 'கானூம்' என்று மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்: பொருளாதாரத் தடை, கானூம், நாங்க என்ன செய்யறது.

கொர்தாத் 25

விருந்தாளி வந்தார். தெமிர்தாயெவ் என்று பெயர், கசாக்ஸ்தான்காரர். பருத்த நோட்டுப் புத்தகம். சுற்றி வளைக்காமல் கேட்டார்: எவ்வளவு சீக்கிரம் முழு உறுப்பினராக விரும்புகிறீர்கள்?

டாக்டர் வுஸூகி நெஞ்சில் கை வைத்தார். அந்தக் கை மேலே போனால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

"ஐயோ, எங்களுக்கு என்ன அவசரம்! வரிசையில வேற யாராவது நின்னா அவங்க முன்னால போகட்டும். உங்களுக்குச் சிரமம் குடுக்கவா நாங்க இருக்கோம்?"

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முப்பது வருடமாக அப்படித்தான்.

இனி அவர் "சேச்சே, நீங்கள்தான் முதலில்" என்று சொல்ல வேண்டும். நாங்கள் மறுக்க வேண்டும். அவர் மறுபடி சொல்ல, நாங்கள் மறுபடி மறுத்து, மூன்றாவது முறை, வேறு வழியில்லாததுபோல், சரி என்போம். இந்த உபசார மறுப்புக்குத் தாரோஃப் என்று பெயர். மேசையின் இந்தப் பக்கம் இருந்த ஆறு பேரும் காத்திருந்தோம். அவர் ஒரு பிஸ்தாவை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு எழுதினார். தலைகீழாகப் படிப்பது என் தொழிலில் தானாக வந்துவிடும். "ஈரானுக்கு அவசரமில்லை. மற்றவர்கள் முதலில்." கீழே ஒரு கோடு.

பதினாறு வருடம் வாசலில் நின்றோம். கதவைத் திறந்து உள்ளே வா என்றபோது, பரவாயில்லை, இங்கேயே காற்று நன்றாக வருகிறது என்றுவிட்டோம்.

கொர்தாத் 26

குற்றவாளி நான்தான்.

"தாரோஃபை யாராவது மொழிபெயர்ப்பாங்களா, ஸொதூதே கானூம்?"

"மொழிபெயர்ப்பாளர் வேற எதைப் பெயர்ப்பாங்க, டாக்டர்?"

"வாயில வர்றதை இல்ல. மனசுல இருக்கறதை!"

"நேத்து உங்க மனசுல என்ன இருந்துச்சு?"

"இன்னிக்கே, இப்பவே சேத்துக்கங்கன்னு இருந்துச்சு!" என்று மேசையைத் தட்டினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். தீர் 7ஆம் தேதி கடைசிச் சந்திப்பு. அதற்குள் நான் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அன்றும் சொதப்பினால் கீழ்த்தளத்து ஆவணக் கிடங்கு. ஓய்வு பெறும்வரை.

நான் சொதப்பினேனா? நானா?

கொர்தாத் 27

விளக்கக் கடிதம் கொடுத்துவிட்டேன். நகல்:

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு. நம் ஊர் டாக்ஸிக்காரர் இறங்கும்போது 'காசெல்லாம் வேண்டாம், உங்களுக்கா வாங்குவேன்' என்பார். மூன்று முறை நீட்டியபின் வாங்கிக்கொள்வார். விருந்தாளியின் ஊரில் டாக்ஸிக்காரர் வேண்டாம் என்றால் பயணி நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார் எனத் தெரிகிறது. இந்தப் பழக்க வேறுபாட்டை நம் வெளியுறவுக் கொள்கையில் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். நாட்டின் பாதுகாப்பை டாக்ஸிக் கட்டணம்போல் மூன்று முறை நீட்டுவார்கள் என்று எதிர்பார்க்க இயலாது."

முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள்.

கொர்தாத் 31

ஷெர்கோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது, எப்போதும் அப்படித்தான். அவன் ஊர் சர்தஷ்த். 1366இல், பக்கத்து நாட்டோடு நடந்த போரில், அங்கே விஷவாயுக் குண்டு விழுந்தபோது இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். இந்தத் தீர் 7 வந்தால் முப்பத்துநான்கு வருடம்.

"சரி, சேந்துட்டோம்னு வை. நம்மளை யாராவது அடிச்சா வருவாங்களா?"

"சாசனத்தை நாலு தடவை மொழிபெயர்த்திருக்கேன். வருவோம்னு ஒரு இடத்துலயும் இல்ல."

"பின்ன எதுக்கு இந்த ஆட்டம்?"

பதிலுக்குக் காத்திராமல் அவனே சொன்னான்:

"ஆஸ்பத்திரியில எனக்குக் கண்ணு தெரியல. காது கேட்டுச்சு. பக்கத்துல ரேடியோ. எந்த நாடாவது எங்க ஊர்ப் பேரைச் சொல்லுமான்னு எட்டு நாள் கேட்டுக்கிட்டே கிடந்தேன். பாட்டுப் போட்டாங்க. நல்ல பாட்டுத்தான்." இன்ஹேலரை எடுத்துக் குலுக்கிப் பார்த்தான். "வர வேண்டாம் ஃபராங்கீஸ். பேரைச் சொல்லியிருக்கலாம்."

பதினைந்தாவது காரணம் என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். அதுதான் முதலாவது. மற்ற பதினான்கும் அதைப் போர்த்தி மூடுகிற கம்பளம்.

தீர் 7

எழுதிவிடுகிறேன்.

மாடிப்படியில் டாக்டர் சத்தியம் செய்தார்: "இன்னிக்கு நேரா கேட்டுடறேன். ஒரே வரி." உள்ளே போனோம். தேநீர் வந்தது. தெமிர்தாயெவ் நோட்டைத் திறந்து, போன முறை எழுதியதை வாசித்துவிட்டுக் கேட்டார்: இப்படித்தானே? அவசரமில்லைதானே?

டாக்டர் வாயைத் திறந்தார். கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. பாவம், அவர் என்ன செய்வார், அறுபது வருடப் பழக்கம்.

"அது... உங்க சௌகரியம் எப்படியோ அப்படி. உங்களைத் தொந்தரவு பண்ண எங்களுக்கு என்னிக்கும் மனசு வராது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ருஷ்ய மொழியில் சொன்னேன்: "எங்களுக்கு அவசரம். முப்பத்துநான்கு வருடத்துக்கு முன்னால் இதே நாளில் எங்கள் ஊர் ஒன்றின்மேல் விஷவாயு விழுந்தது. யாரும் வரவில்லை. யாரும் பேசவும் இல்லை. அன்று மேசையில் எங்களுக்கு நாற்காலி இல்லை. நீங்கள் வந்து சண்டை போடுவீர்கள் என்று நினைக்கவில்லை, உங்கள் சாசனம் எனக்கு மனப்பாடம். அடுத்த முறை எங்கள் பெயரைச் சொல்லாமல் இருப்பது உங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் கேட்கிறோம்."

டாக்டருக்கு ருஷ்ய மொழி கொஞ்சம் தெரியும். 'யாரும் வரவில்லை' புரிகிற அளவுக்கு நிச்சயம் தெரியும். நெஞ்சில் இருந்த கை அங்கேயே நின்றது. நான் அவர் கண்ணைப் பார்த்தேன். 'நிறுத்துங்கள், இப்படி நான் சொல்லவில்லை' என்று மறுத்துவிடுங்கள் — மறுங்கள், பார்க்கலாம்.

மறுக்கவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார்.

தெமிர்தாயெவ் பிஸ்தாவைத் தொடவில்லை. பழைய வரியை ஒரு கோட்டால் அடித்தார். "எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். எழுத்தைக் கூட்டிச் சொல்லச் சொன்னார். எழுதிக்கொண்டார்.

தீர் 8

ஆவணக் கிடங்கு. கீழ்த்தளம். மின்சாரம் போனாலும் குளிர்ச்சியாக இருக்கிறது. படி ஏற வேண்டாம். யாருக்கும் வழிவிட வேண்டாம். தண்டனை கொடுக்கவும் எங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை.

தீர் 20

என் இடமாற்ற ஆணையில் காரணம் என்ற இடத்தில் "மொழிபெயர்ப்பு, தேவைக்கு மேல்" என்று போட்டிருக்கிறது. கிடங்கில் கண்ணாடிச் சட்டம் ஒன்று கிடந்தது. ஆணையை அதில் போட்டு மேசைக்கு எதிரே மாட்டிவிட்டேன்.

ஷஹ்ரீவர் 26. வெள்ளி

துஷன்பே மாநாட்டில் எங்களைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நடைமுறைகள் முடிய இன்னும் காலம் ஆகுமாம். தொலைக்காட்சியில் டாக்டர் வுஸூகி காரணங்களை அடுக்கினார். நானும் ஷெர்கோவும் விரல் விட்டு எண்ணினோம். பதினான்கு.

தீர் 13, 1402

முழு உறுப்பினர். கொடியும் ஏறிவிட்டது. என் ஓய்வுப் பத்திரமும் இந்த மாதம்தான் வந்தது. மருந்து இன்னும் இஸ்தான்புல்லிலிருந்து யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால்தான்.

கொர்தாத் 24, 1404

தெஹ்ரான்மேல் குண்டு விழத் தொடங்கி இரண்டாம் நாள். நகரை விட்டுப் போகும் சாலையில் கார்கள் நகரவில்லை என்கிறார்கள். அந்தப் புகையில் ஷெர்கோ ஒரு மணி நேரம் தாங்கமாட்டான். நாங்கள் போகவில்லை. சன்னல் கண்ணாடிகளில் ஒட்டுத்தாள் குறுக்கே ஒட்டினோம்.

மதியம் டாக்டர் வுஸூகி ஃபோன் செய்தார். நான்கு வருடம் கழித்து. "கானூம், தொந்தரவுக்கு மன்னிக்கணும், முடியலைன்னா வேண்டாம், நிஜமாத்தான் சொல்றேன்—"

"அனுப்புங்க, டாக்டர்."

ஷாங்காய் அமைப்பின் அறிக்கை. எங்கள்மேல் குண்டு போடுவதை வன்மையாகக் கண்டிக்கிறார்கள். பத்து உறுப்பினர்களில் ஒருவர், அந்தப் பேச்சில் தான் கலந்துகொள்ளவில்லை என்று தனியாகச் சொல்லிவிட்டார். அரை மணியில் பெயர்த்தேன்.

"பேரைச் சொல்லியிருக்காங்களா?" என்றான் ஷெர்கோ.

"சொல்லியிருக்காங்க."

"ஆள்?"

"அது சாசனத்துல இல்ல."

"பேராவது வந்துச்சே," என்றான். கேலியா இல்லையா, தெரியவில்லை.

கூடவே, ருஷ்ய மொழியில் பெயர்க்க, டாக்டர் எழுதிய பதில் கடிதமும் இருந்தது. கடைசி வரி: "எங்கள் பொருட்டுத் தாங்கள் எந்தச் சிரமமும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை." அதை எடுத்துவிட்டு வேறொன்று போட்டு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"கடைசி வரியைக் காணோமே?"

"எடுத்துட்டேன்."

"அது மரியாதைக்கு எழுதறது, கானூம்."

"அவங்க நோட்டுல எழுதிக்கறவங்க, டாக்டர்."

அவர் பக்கம் எங்கோ ஒன்று விழுந்தது. ஃபோனில் சத்தம் கேட்டது, சற்றுக் கழித்து எங்கள் சன்னலும் அதிர்ந்தது.

"அந்த இடத்துல என்ன போட்டிருக்கீங்க?"

"'தயவுசெய்து சிரமப்படுங்கள்'னு."

மூச்சு விடுவது கேட்டது. "அப்படியே போகட்டும்," என்றார்.

மாலைச் செய்தியில் அறிக்கையை வாசித்தார்கள். என் சொற்கள்தான், ஒன்றையும் மாற்றவில்லை. ஷெர்கோ எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.