வேதசாட்சியாக்கப்பட்டவளுக்கு

உன் ஆண்டு நினைவுத் திருப்பலியில் கொடுத்த நினைவு அட்டை என் மேசையில் கிடக்கிறது. உன் முகத்தைச் சின்னதாக ஒரு மூலையில் போட்டுவிட்டு, முன்பக்கம் முழுக்க அந்தப் பழைய ஓவியத்தை அச்சடித்திருக்கிறார்கள். கீழே பொன் எழுத்தில், ‘பொறுமையின் வேதசாட்சி’. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஓவியத்தை நாம் இருவரும் நேரிலேயே பார்த்தோம். பனி கொட்டிய ஒரு ஞாயிறு, குளிருக்கு ஒதுங்கத்தான் நூதனசாலைக்குள் புகுந்தோம். முழங்காலில் ஒரு பெண், வேதத்துக்காக உயிர்விடப் போகிற வேதசாட்சி. அவள் கழுத்துக்கு மேலே ஓங்கிய வாள். பின்னால் நீல மலை, ஆறு, தேன் நிற வெளிச்சம், ஆடு மேய்க்கிற ஒருவன். சைவக்காரியான எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. மட்டக்களப்பில் மாதா கோயில் பூசை தவறாமல் வளர்ந்த நீதான் முறைத்துக்கொண்டு நின்றாய்.

“வெட்டப் போறான், இவள்ட முகத்தில ஒரு பயமும் இல்ல. கீறினவனுக்கு இவள்ட சத்தம் கேக்கல்லகா” என்றாய், காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்க்குமளவுக்கு உரத்து.

உன் சத்தமும் ஒருவருக்கும் கேட்கவில்லை. சென்ட் லோரன்ட் பகுதி மருந்துத் தொழிற்சாலையில் நாம் பொதி கட்டிய கூடத்தில் மருந்துத் தூள் மூடுபனியாய்ப் பறந்தது. நீ இருமத் தொடங்கினாய். நல்ல முகமூடி கேட்டாய், காற்றை இழுக்கும் இயந்திரம் பழுது என்று சொன்னாய். மேற்பார்வையாளன் ஒவ்வொரு முறையும் “நாளைக்கு” என்றான். ஒரு காலை, சிவப்புப் பொத்தானை அடித்து முழு இயந்திர வரிசையையும் நிறுத்தினாய். தமிழும் பிரெஞ்சுமாய்க் கத்தினாய். அன்றே உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்போது நம் சனம் என்ன சொன்னது? “வந்த நாட்டில சண்டை பிடிக்கிறதோ? கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்.” நீ முறைப்பாடு கொடுத்தாய். சாட்சி சொல்ல நான் மட்டும் வந்தேன். விசாரணையை வருடக்கணக்காக இழுத்தடித்தார்கள். முடிவு வருமுன் உன் மூச்சு நின்றுவிட்டது.

உன் ஆண்டுப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் கொடுத்தார்கள். அன்று பொறுத்துப் போகச் சொன்னவர்களில் ஒருவரே எழுந்து, நீ முணுமுணுக்காமல் துன்பத்தை ஏற்றவள் என்றார். நான் எழும்பினேன்.

“அது பொய். அவ ஒண்டையும் ஏற்கேல்லை.”

“பேந்து கதைப்பம், தங்கச்சி” என்றார் அவர்.

“இல்லை, இப்பவே கதைப்பம்.”

கதைத்தேன். கூடத்தில் பறந்த தூளை, வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்களை, எல்லாவற்றையும். சிலர் கோப்பையை வைத்துவிட்டு வெளியேறினார்கள். போகட்டும்.

வாசலில், வளர்ந்துவிட்ட உன் மகள் என் கையைப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்தே ஒட்சிசன் குழாயோடு கட்டிலில் கிடந்த உன்னைத்தான் அவளுக்கு நினைவு. தமிழ் அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

“அன்ரி, அம்மா கத்துவாவோ?”

“ஓம் பிள்ளை. நல்லாக் கத்துவா.”

அவள் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். வழக்கை இனித் தானே நடத்துவதாகச் சொன்னாள். அடுத்த தவணைக்கு அவளோடு நானும் போகிறேன். ஆறிவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் ஆறமாட்டேன்.