ஈயம் போட்ட அம்பும் அப்பாவின் வாயும்

முல்லைத்தீவு
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகன் மெல்ரொனுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவரும் மாதாவும் காக்க நானும் அப்பாவும் தங்கச்சியும் நல்ல சுகம், அந்தக் குளிருக்குள் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று செபமாலையில் உன் பெயரைச் சொல்லாத நாள் இல்லை. கையில் போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நீ சிரிப்பாய். போனில் சொல்லத் தொடங்கினால் அப்பா பறித்துத் தன் கதையைச் சொல்லி முடித்துவிடுவார், அந்தக் கதையில் பாதி பொய். ஊருக்கு வந்த சுரேகா விடுமுறை முடிந்து உங்கள் நோர்வேக்குத் திரும்புகிறாள், அவளிடம் கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன், இந்தக் கடிதம் மிளகாய்த்தூள் பைக்குள் இருக்கும். அப்பா அந்தப் பையைத் திறக்க மாட்டார், தும்மல் வரும் அவருக்கு. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, எழுத்து கோணிக்கோணிப் போனால் கண் மங்கிவிட்டது என்று நினைக்காதே.

விசயம் தங்கச்சியின் வில் பற்றியது. ஒலிம்பிக்கில் இழுப்பார்களே, நுனி இரண்டும் முன்பக்கம் வளைந்த வில், அது அவளுடைய சொந்தம் இல்லை, வில்வித்தைச் சங்கத்து இரவல் என்று உனக்குத் தெரியும். அவர்களிடம் பெரிய போட்டிக்குக் கொண்டுபோகத் தக்கதாக இருப்பது அந்த ஒன்றுதான். வருசத்துக்கு ஒருமுறை கிளிநொச்சியில் போட்டி வைத்து வெல்கிற பிள்ளையிடம் அடுத்த வருசம் முழுக்க விட்டுவைப்பார்கள், தோற்றால் அந்த இடத்திலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டும். இந்த முறை வவுனியாவிலிருந்து தனுஷா என்று ஒரு பிள்ளை, நல்ல தோள்பலம், அவளுடைய அம்பு விர்ரென்று போகிறது என்று ஊரெல்லாம் கதை. உன் தங்கச்சி பிரியந்தினி புதுக்குடியிருப்பில் கணக்கு ரியூசன் சொல்லிக்கொடுத்து முடித்து பஸ்ஸில் தொங்கி வந்து, தேத்தண்ணீர் கூடக் குடிக்காமல் கடற்கரைக்கு ஓடி, சவுக்கு மரங்களின் ஓரத்தில் இருட்டும் வரை எய்துகொண்டிருப்பாள். பழைய வலையை உரச்சாக்குகளுக்குள் அடைத்து அப்பாதான் இலக்குக் கட்டிக் கொடுத்தார், அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுபது மீற்றருக்கு அம்பு போய்ச் சேரும்போது சிலது நடுவில் குத்தும், சிலது ஒரு முழம் கீழே குத்தும், ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. அந்த வில்லுப் போய்விட்டால் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது, தம்பி. கலியாணப் பேச்சுக்குக் கூட முகம் மலராதவள் அதைக் கையில் எடுத்தால் மலர்வாள்.

இந்த இடத்தில் உன் அப்பா புகுந்தார். கரையோரக் களப்புத் தண்ணீரில் வீச்சுவலை எறிகிற மனிதனுக்கு எல்லாமே வீச்சுவலைதான். ஈயமணி குறைஞ்ச வலை காத்தில பறந்து காலடியில விழும், மணி கூட இருந்தாத்தான் எட்டத்தில போய் விரியும், அம்பும் உப்பிடித்தான், உந்த அம்புக்குப் பாரம் காணாது என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நிற்காமல், பிள்ளை ரியூசனுக்குப் போன நேரம் பார்த்து, நீ ஆசையாக வாங்கி அனுப்பின அம்புகளின் முனையைக் குசினி அடுப்பில் சூடு காட்டிக் கழற்றி, அம்புக் குழாய்க்குள் வலையின் ஈயமணிகளைத் தட்டித் தட்டி இறக்கி, பசை வைத்து மூடிவிட்டார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், என்ன மணக்குது என்று கேட்டதற்குப் படகு எஞ்சின் சாமான் என்றார். பின்னேரம் பிள்ளை வந்து வில்லை இழுத்து விட்டாள். அம்பு கிளம்பினது, களைத்துப்போன கொக்கு மாதிரித் தாழ்ந்து, இலக்குக்கு முன்னால் மண்ணில் குத்தி நின்றது. அடுத்ததும் அப்படியே. அவள் அம்பைக் கையில் தூக்கிப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், உள்ளே கிலுகிலு என்றது. பிறகு மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காக முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கின் முகத்தை அன்றைக்கு நான் நேரே கண்டேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை, கடற்கரை மணலில் இருத்தி அப்பாவுக்கு ரியூசன் எடுத்தாள். அப்பா, வலை பாரமெண்டா நீங்கள் இன்னும் மூச்சுப் பிடிச்சு எறிவியள், வில்லுக்கு அப்பிடி எறியத் தெரியாது, ஒருக்கா இழுத்தா அது தாற தள்ளு ஒரே அளவுதான், பாரம் கூடினா அம்பு மெதுவா வெளிக்கிடும், மெதுவாப் போனா வழியில நேரம் கூட, நேரம் கூடக்கூட நிலத்துப் பக்கம் கூட விழும் என்றாள். அப்பா தலையாட்டினார், ஆட்டிவிட்டு, அப்ப பாரத்தை முழுக்க எடுத்துவிடுவம் என்றார். ஆக லேசாப் போனா காத்து அள்ளிக்கொண்டு போகும், வில்லும் அதிர்ந்து வெடிக்கும், நீங்கள் ஒண்டையும் தொடாமல் இருங்கோ என்று கும்பிட்டாள். ஈயத்தை எல்லாம் எடுத்துப் பழையபடி ஆக்கினதில் இரண்டு அம்பு பிளந்துவிட்டது. அதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார், வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன்.

அதற்குப் பிறகு அவள் போனாலேயே அம்பின் வேகத்தை அளக்கத் தொடங்கினாள். நாண் விடுகிற சத்தமும் அம்பு குத்துகிற சத்தமும் போனில் பதியுமாம், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரமும் தூரமும் தெரிந்தால் வேகம் வந்துவிடுமாம். போன் சரியாக நடுவில் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு சத்தமும் ஒரே தூரம் வரும், ஆகவே இலக்கைக் கிட்டக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நடுவில் ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் அம்மா போனும் கையுமாக உட்கார்ந்தேன். இந்த வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகத்தைப் பார். காகம் கத்தினால் திரும்பப் பதிய வேண்டும், படகு போனால் திரும்ப, கோயில் மணி அடித்தால் திரும்ப. மணிக்கு நூற்றெண்பது கிலோமீற்றர் என்று அவள் கணக்குப் பார்த்துச் சொன்னபோது நான் துள்ளிவிட்டேன், எங்கள் புதுக்குடியிருப்பு பஸ் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஓடாது. ஆனால் எல்லா அம்பும் நூற்றெண்பது இல்லை. அதே வில், அதே அம்பு, அதே பிள்ளை, சிலது மட்டும் நாலைந்து குறைவு. அந்த நாலைந்துதான் தூரத்தில் ஒரு முழம் கீழே குத்துகிறதாம். அப்போ வேகம் கூடோணும் எண்டில்லை அம்மா, எல்லாம் ஒரே வேகமா இருந்தாப் போதும் என்றாள். ஏன் குறைகிறது என்று பதிந்ததை எல்லாம் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம், நாலாவது தரம் கேட்கும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குறைந்த அம்பு எல்லாவற்றிலும் நாண் சத்தத்துக்கு முன்னால், பழகிப்போனதால் நாங்கள் காதில் எடுக்காத ஒரு குரல். இழு பிள்ளை, இழு, இன்னும் இழு.

களப்பின் அந்தக் கரைக்குக் கேட்கிற உன் அப்பாவின் குரல்தான், வேறு யார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. அப்பா கத்தேக்க இது தவறினா அவற்ற முகத்தைப் பாக்கோணுமே எண்டு ஒரு நினைப்பு வருது அம்மா, கை தன்பாட்டில முந்தி விட்டிடுது என்றாள். ஒரு விரல் அகலம் குறைய இழுத்தாலே வேகம் போய்விடுமாம். முழுதாக இழுத்ததும் டிக் என்று சொல்லுகிற தகடு ஒன்று இப்படியான வில்லில் இருக்குமாம், எங்கள் வில்லில் அது எப்போதோ உடைந்துபோனது. அப்பாவுக்கு யார் சொல்வது? நான்தான் சொன்னேன், சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்து ஓரமாக ஒதுக்கினார். பிறகு, நான் கிளிநொச்சிக்கு வரேல்லை, நீ கூட்டிக்கொண்டு போ என்றார். நான் இன்னொரு மீன் துண்டை அவருடைய சோற்றில் வைத்தேன், தம்பி. இலக்குக் கட்டினதும் அவர், கடலால் வந்த களையோடு அம்பு பொறுக்கித் திரிந்ததும் அவர்.

போட்டி அன்று நாங்கள் விடிய முதல் பஸ்ஸில் போனோம். முதல் சுற்றுத் தொடங்கப் போகிற நேரம் எனக்குப் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குகிற சத்தம், திரும்பினால் உன் அப்பா, அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறார், அதுவும் வீட்டில் கட்டின சாரத்தோடு. வாயே திறக்க மாட்டன் யூலிற்றா, அந்தோனியார் சத்தியம் என்று கிசுகிசுத்துத் தோளில் கிடந்த துவாயின் நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டார். அவர் மூச்சை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் நான் கையில் கிள்ளினேன், கை முழுக்கச் சிவந்துபோய்விட்டது. தனுஷா நன்றாகவே எய்தாள், கெட்டிக்காரப் பிள்ளை, அம்பு கண்ணுக்கே தெரியவில்லை. எங்களுடையது அதைவிட மெதுவாகத்தான் போனது, ஆனால் எல்லாம் ஒரே மாதிரிப் போய் ஒரே இடத்தில் கூடு கட்டினது. கடைசி அம்புக்கு ஒன்பது புள்ளி வேண்டும், எட்டு என்றால் வில் வவுனியாவுக்கு. அவள் இழுத்தாள், இழுத்தபடி நின்றாள், எனக்கு மாதா மன்றாட்டில் பாதி மறந்துபோனது, விட்டாள். ஒன்பதின் கோட்டில் குத்தினது. கோட்டைத் தொட்டால் கூடின எண்தான் என்று நடுவர் கையைத் தூக்கினார். அவள் வில்லோடு திரும்பி, சனத்துக்குள் தேடாமல் நேரே எங்களைப் பார்த்து, அப்பா, முதல் அம்புக்கு முன்னமே உங்கட சாரத்தைக் கண்டிட்டன், இனிக் கத்துங்கோ என்றாள். அப்பா துவாயை எடுத்தார், வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, குரல் வரவில்லை. அதனால் நான் கத்தினேன். இவ்வளவு வருசம் அவரைச் சத்தம் போடாதே என்று அடக்கினவள், மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

வேறென்ன மகன். வேளைக்குச் சாப்பிடு, சப்பாத்து நனைந்தால் உடனே மாற்று, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதா உன்னைத் தன் சேலைக்குள் வைத்துக் காப்பா, அம்மாவின் ஆசீர்வாதம் என்றைக்கும் உன் தலைமேல் இருக்கும். அப்பாவுக்குக் குரல் திரும்பிவிட்டது, ஈயம் வைத்துப் பழகினபடியால்தான் பிள்ளையின் கை உறுதியானது என்று கடற்கரையில் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார். நீ போன் எடுக்கும்போது அதை மறுத்துக் கதைக்காதே, ஓம் அப்பா என்று மட்டும் சொல்லு.

உன் அன்பு அம்மா,
யாகப்பு யூலிற்றா